தண்ணீரில் விழுந்த பறவை

ஐப்பசி அடைமழையில் ஏரிகளும் கண்மாய்களும் நிறையத் தொடங்கியதும் வடதிசை விருந்தினர் வந்து இறங்கிவிடுகின்றனர். கிளுவையும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் நம் நீர்நிலைகளில் கூட்டம் கூட்டமாகத் தங்குகின்றன. இமயமலைக்கு அப்பால் குஞ்சு பொரித்த வரித்தலை வாத்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வந்து சேர்கிறது. வெயில் ஏறும் மாதங்கள் வரை நம்மிடையே வாழ்ந்துவிட்டு, வந்த வழியே அவை திரும்பிப் போகின்றன.

இதே மாதங்களில் இன்னொன்றும் நடக்கிறது. வலையிலும் கண்ணியிலும் நஞ்சு கலந்த நெல்லிலும் சிக்கிய நீர்ப்பறவைகள் மறைவாக விலை பேசப்படுகின்றன. உடம்புக்குச் சூடு, நெஞ்சுச் சளிக்கு மருந்து என்ற பேச்சோடு அவை நம் வீட்டு அடுப்படி வரை வந்து சேர்வதும் உண்டு. அப்போது எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வாத்தும் உள்ளானும் உண்ணத் தகுந்த இனங்கள்தாமே, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் போதாதா?

கேள்வி சிறியது. ஆனால் நீர்ப்பறவையை வேட்டையாடுபவன் எதற்கெல்லாம் பொறுப்பாளி என்பதைப் பற்றி நம் முன்னோர் மிக விரிவாகச் சிந்தித்திருக்கின்றனர். சட்டம் வகுத்தவர்களும் அதைப் பேணியவர்களும் மீறியவர்களும் அந்த வரலாற்றில் இருக்கின்றனர். அவர்களைச் சற்றே சந்தித்துவிட்டு நம் அடுப்படிக்குத் திரும்புவோம்.

அதிய்யு கேட்ட கேள்விகள்

கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயியின் மைந்தர் அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி). தய்யி குலத்தின் தலைவரான அவர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னர், நாயைக்கொண்டும் அம்பைக்கொண்டும் வேட்டையாடி வாழ்ந்த தம் மக்களின் ஐயங்களை நபி (ஸல்) அவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். அக்கேள்விகளும் விடைகளும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளன.

பயிற்றுவிக்கப்பட்ட நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால் அது பிடித்துத் தருவதை உண்ணலாம். நாயே அதில் தின்றுவிட்டிருந்தால் உண்ணலாகாது, அது தனக்காகப் பிடித்திருக்கக்கூடும். வேறு நாய்கள் இடையே கலந்துவிட்டாலும் உண்ணலாகாது, பெயர் கூறப்பட்டது தன் நாயின்மீது மட்டுமே. எறிகோலின் கூர்முனை துளைத்துக் கொன்றது ஆகுமானது. அதன் அகலப் பக்கம் மோதிச் செத்தது அடிபட்டுச் செத்த பிராணிக்குச் சமம். அடிபட்டுச் செத்ததையும் உயரத்திலிருந்து விழுந்து செத்ததையும் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், மூன்றாம் வசனம் தடுத்திருக்கிறது.

அம்பு பட்ட பிராணி ஓடி மறைந்து, ஓரிரு நாள் கழித்துக் கிடைத்தால்? தன் அம்பின் காயத்தைத் தவிர வேறு காயம் அதில் இல்லையென்றால் உண்ணலாம். ஆனால் அது தண்ணீரில் விழுந்து கிடக்கக் கண்டால் உண்ண வேண்டாம் என்பது நபியவர்களின் விடை. அதைக் கொன்றது தண்ணீரா, அம்பா என்பதை வேட்டைக்காரன் அறியமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இவ்விடைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் அவற்றினூடே ஓடும் இழை புலப்படும். ஓர் உயிர் எப்படிப் பிரிந்தது என்பதற்கு அதை எய்தவனே சாட்சி. அந்தச் சாட்சியம் தெளிவாக இருக்கும்வரை இரை அவனுக்கு உரியது. ஐயம் நுழைந்த கணமே கையை எடுத்துவிட வேண்டும். யாரும் பார்த்திராத சதுப்பு நிலத்தில், பசியோடும் களைப்போடும் நிற்கும் ஒருவன் தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டிய நெறி இது.

நீர்ப்பறவைக்குத் தண்ணீரே தரை

தண்ணீரில் விழுந்ததை உண்ணலாகாது என்றால், தண்ணீரிலேயே வாழும் பறவையின் நிலை என்ன? ஃபிக்ஹு அறிஞர்கள் இந்த இடத்தில் நின்று நுணுக்கமாக ஆராய்ந்தனர்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் இதை விளக்கியுள்ளனர். நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும் நீர்ப்பறவை, எய்யப்பட்டு அங்கேயே இறந்தால் அது ஆகுமானது. மற்றப் பறவைக்குத் தரை எப்படியோ, நீர்ப்பறவைக்குத் தண்ணீர் அப்படி. ஆனால் நீருக்கு வெளியே அடிபட்டு, உயிர் ஊசலாடிய நிலையில் நீருக்குள் விழுந்து இறந்தால் ஐயம் வந்துவிடுகிறது. ராவுத்தர் ஊர்கள் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின் புகழ்பெற்ற சட்டநூலான ‘ஹிதாயா’ இன்னோர் அளவுகோலைத் தருகிறது. அடிபட்ட நீர்ப்பறவையின் காயம் தண்ணீருக்குள் மூழ்கவில்லையென்றால் உண்ணலாம். காயம் மூழ்கியிருந்தால், நீரில் விழுந்த மற்ற இரையைப் போன்றதே அது.

காயம் நனைந்ததா இல்லையா என்று பார்ப்பது இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்தச் சட்டத்தை மனத்தில் வைத்து ஏரிக்கரையில் நிற்பவனை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பறக்கும் கூட்டத்தை நோக்கி அவன் குருட்டாம்போக்கில் எய்ய முடியாது. எய்தால் பறவை எங்கே விழும், தன்னால் எட்டி எடுக்க முடியுமா, உயிரோடு கிடைத்தால் அறுக்கக் கத்தி இருக்கிறதா என்பதையெல்லாம் அம்பைத் தொடுக்கும் முன்பே அவன் எண்ணியாக வேண்டும். உயிருள்ள நிலையில் கைக்கு வந்ததை, அறுக்க வசதியிருந்தும் சாகவிட்டால் அது அவனுக்கு ஆகாது. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பதும் நபிவழியே.

உண்ணும் தேவை இல்லாத வேட்டையைப் பற்றியும் தெளிவான எச்சரிக்கைகள் உண்டு. உரிமையின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றவனும் அதைப் பற்றி அல்லாஹ்வால் விசாரிக்கப்படுவான் என்னும் நபிமொழி நஸாஈயில் உள்ளது. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகியதைக் கண்ட இப்னு உமர் (ரலி), உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துரைத்தார். பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திரும்ப வைக்கச் சொன்ன நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ஷைஸர் கோட்டையின் தந்தை

சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று, வாழ்க்கையில் இறங்குவது இன்னொன்று. அப்படி இறங்கியதை ஒரு மகன் எழுதிவைத்திருக்கிறார்.

சிரியாவில் ஆஸீ ஆற்றங்கரையில் உள்ள ஷைஸர் கோட்டையில் 1095இல் பிறந்தவர் உஸாமா இப்னு முன்கித். சிலுவைப்போர்க் காலத்தின் வீரராகவும் கவிஞராகவும் வாழ்ந்து 1188இல் திமிஷ்கில் மறைந்தார். முதுமையில் அவர் எழுதிய ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் நினைவுநூலின் இறுதிப் பகுதி முழுவதும் வேட்டையைப் பற்றியது. அவருடைய தந்தை முர்ஷிதுக்கு இரண்டு வேட்டைக் களங்கள் இருந்தன. தெற்கே மலையில் கவுதாரிக்கும் முயலுக்கும் ஒன்று. மேற்கே ஆற்றோரச் சதுப்பில் நீர்ப்பறவை முதலானவற்றுக்கு மற்றொன்று. வல்லூறுகளை அவர் தேர்ந்து வளர்த்தார்.

அதே தந்தை தம் கையால் திருக்குர்ஆனை நாற்பதுக்கும் மேற்பட்ட முறை முழுமையாக எழுதி முடித்தவர். வேட்டைக்குப் புறப்பட்டால், வழியில் பிள்ளைகளைப் பிரிந்து செல்லச் சொல்லி, அன்றைக்கு ஓத வேண்டிய பகுதியை ஓதி முடிக்கச் செய்வாராம். வேட்டைக்களம் நெருங்கியதும்தான் அவர்கள் மீண்டும் ஒன்றுகூடுவார்கள்.

இரையைப் பின்தொடர்ந்து ஓடுபவன் கவனமற்றவனாகிவிடுகிறான் என்றொரு நபிமொழி உண்டு. வேட்டையில் மனிதனுக்கு ஏற்படும் வெறியை அது சுட்டுகிறது. தொழுகை நேரம் மறந்துபோகும், வீட்டார் மறந்துபோவார்கள், போதும் என்ற சொல்லும் மறந்துபோகும். ஷைஸரின் தந்தை அந்த மறதிக்கு எதிராகவே களத்துக்குப் போகும் வழியில் ஓதலை வைத்தார் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

களிமண் உருண்டையும் பாக்தாத் வேட்டைக்காரரும்

ஏறத்தாழ அதே நூற்றாண்டில், பாக்தாதைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வேறொரு வேட்டைமரபு செழித்திருந்தது. அம்புக்குப் பதிலாகக் களிமண் உருண்டையை எய்யும் வில் அவர்களுடைய கருவி. அந்த உருண்டைக்கு ‘புந்துக்’ என்று பெயர். துப்பாக்கியை அரபியில் ‘புந்துக்கிய்யா’ என்றும் உருதுவில் ‘பந்தூக்’ என்றும் அழைப்பது அந்தச் சின்னஞ்சிறு மண்ணுருண்டையின் நினைவாகவே.

உருண்டைவில்லின்மீது தொடக்கக் காலத்தவர்க்கு நல்லெண்ணம் இல்லை. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், மதீனாவில் புறா விடுதலும் உருண்டை எய்தலும் வீண்பொழுதுபோக்காகப் பரவியபோது, அவற்றைத் தடுக்க ஒருவர் நியமிக்கப்பட்டு விற்கள் முறிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். ஊருக்குள்ளும் நகருக்குள்ளும் உருண்டை எய்வதை ஹஸன் அல்பஸரீ (ரஹ்) வெறுத்ததை இமாம் புகாரீ குறிப்பிடுகிறார். ஆளில்லாத வெளியில் எய்வதை அவர் குறைகூறவில்லை. மனிதர் நடமாடும் இடத்தில் ஆயுதம் எடுக்கக்கூடாது என்னும் விதியின் பழைய வடிவம் இது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. உருண்டைக்குக் கூர்முனை இல்லை. அது மோதிக் கொன்ற பறவை அடிபட்டுச் செத்ததாகவே கொள்ளப்படும் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் கருத்து, பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடும் அதுவே. ஆகவே உருண்டை எய்பவன் பறவையை வீழ்த்திவிட்டு, அது உயிரோடிருக்கும்போதே ஓடிச்சென்று அறுத்தால்தான் அது உணவாகும். பிற்காலத்தில் ஈயக்குண்டு வந்தபோதும் அறிஞர்கள் இதே கேள்வியைத்தான் விவாதித்தனர்.

இத்தகைய கருவியைச் சுற்றித்தான் பாக்தாதில் ஒரு கட்டுக்கோப்பான சகோதரத்துவம் உருவாயிற்று. இவர்கள் எல்லாப் பறவைகளையும் எய்யவில்லை. ‘கடமைப் பறவைகள்’ என்று பதினான்கு இனங்களை மட்டும் வரையறுத்துக்கொண்டனர். அன்னம், காட்டு வாத்து, கொக்கு, நாரை முதலிய பெரிய பறவைகள் அப்பட்டியலில் இருந்தன. எகிப்திய அறிஞர் அல்கல்கஷந்தீ பிற்காலத்தில் தம் பெருநூலில் அந்த இனங்களைப் பெயரிட்டு எழுதியுள்ளார். ஓர் இளைஞன் இவற்றுள் ஒன்றை முதன்முதலாக வீழ்த்தும்போது அதற்குச் சாட்சி இருக்க வேண்டும். அந்தப் பறவையை அவன் ஒரு மூத்தவரின் பெயருக்கு உரித்தாக்குவான். அன்றுமுதல் அவன் அவருடைய வழியினன். எத்தனை பறவை என்ற கணக்கைவிட, வீழ்த்திய ஒன்றைப் பற்றி உண்மை பேசினானா என்பதே அங்கே மானத்தை முடிவுசெய்தது.

1180 முதல் 1225 வரை ஆட்சி புரிந்த அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் இந்த மரபில் பேரார்வம் கொண்டார். ஆர்வம் வளர்ந்து, தம்முடைய வழியைச் சேராத எவரும் உருண்டைவில்லை எடுக்கக்கூடாது என்று ஆணையிட்டார். இராக்கிலும் பிற நாடுகளிலும் யாவரும் இணங்கினர். பாக்தாதைச் சேர்ந்த இப்னுஸ் ஸஃப்த் என்னும் ஒரே ஒருவர் மட்டும் இணங்காமல் சிரியாவுக்குப் போய்விட்டார். கலீஃபா பெரும்பொருள் கொடுத்து அழைத்தும் அவர் வரவில்லை. பணத்தை ஏன் மறுத்தாய் என்று நண்பர்கள் கடிந்தபோது, உலகில் யாவரும் கலீஃபாவின் பெயரில் எய்ய, எய்யாதவன் நான் ஒருவனே என்னும் பெருமை தனக்குப் போதும் என்றாராம். இப்னுல் அஸீர் தம் வரலாற்று நூலில் இதைப் பதிவுசெய்துள்ளார். கலீஃபா இத்தகைய விளையாட்டுகளில் மூழ்கிக் குடிமக்களின் துயரத்தை மறந்தார் என்ற குறையையும் அவர் மறைக்கவில்லை. இரையைப் பின்தொடர்பவனின் மறதி அரியணையில் அமர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அது சான்று.

எண்ணிக்கை என்னும் நோய்

மன்னர்கள் கைக்கு வேட்டை போனபின் கணக்குப் புத்தகமும் கூடவே வந்தது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுநூலில், பன்னிரண்டு வயது தொடங்கி ஐம்பதை எட்டும்வரை தம் கையால் வேட்டையாடியவை 17,167 என்றும், அவற்றுள் பறவைகள் மட்டும் 13,964 என்றும் எழுதுகிறார். வாத்து, கொக்கு வகையினவும் அக்கணக்கில் தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஐம்பது வயதுக்குமேல் எந்த உயிரையும் தம் கையால் வதைப்பதில்லை என்று அவரே முன்பு உறுதி பூண்டிருந்தார். பேரன் ஷுஜா நோயுற்றபோது அந்த உறுதியை நிறைவேற்றத் துப்பாக்கியைக் கைவிட்டார். கணக்கு வைத்திருந்தவர்க்கே கணக்கு உறுத்தியிருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த உறுத்தலும் போயிற்று. ராஜஸ்தானின் பரத்பூரில், பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணையின் நீர் பரவிய தாழ்நிலம் கேவலாதேவ் கானா. அங்கே ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வாத்துகள் வந்து நிறையும். 1902இல் கர்சன் பிரபு வந்ததுமுதல் அது வைசிராய்களின் வேட்டைக்களமாயிற்று. நீர்ப்பரப்பின் நடுவே துப்பாக்கிக்காரர்கள் தத்தம் இடத்தில் நிற்பார்கள். முதல் வெடியோசையில் எழும்பும் கூட்டம் வேறிடமறியாமல் வட்டமடித்து மீண்டும் அதே நீருக்குத் திரும்பும். 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. ஒவ்வொரு வேட்டையின் நாளும் விருந்தினர் பெயரும் எண்ணிக்கையும் பொறித்த கல் இன்றும் அங்கே நிற்கிறது.

அந்தக் கல்லில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. குண்டுபட்டும் விழாமல் பறந்துபோய், நாணல் புதரில் எங்கோ கிடந்து செத்தவை எத்தனை? அதிய்யு (ரலி) ஒரே ஓர் இரை ஓடி மறைந்ததற்காக நபியவர்களிடம் சென்று கேட்டார். பரத்பூரில் அப்படிக் கேட்கப் பொழுதில்லை. திருக்குர்ஆன் 5:94ஆம் வசனம், இஹ்ராம் அணிந்தோரைக் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வரும் வேட்டைப் பிராணிகளைக்கொண்டு அல்லாஹ் சோதிப்பதைப் பேசுகிறது. கை நீட்டினால் கிடைக்கும் நிறைவே ஒரு சோதனை என்பதை அந்த வசனத்திலிருந்து நாம் கற்கலாம். பரத்பூரின் வாத்துக்கூட்டம் அத்தகைய சோதனை, அந்தக் கல் அதன் விடைத்தாள்.

நீர்ப்பறவைகளைச் சந்தைக்காகக் கொன்று குவித்த அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் கண் திறந்தது. 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய முத்திரையின் பணம் நீர்நிலைகளை மீட்கச் செலவானது. அடுத்த ஆண்டில் இரை தூவி ஏமாற்றிச் சுடுவதும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை அழைப்பதும் தடுக்கப்பட்டன. ஈயக்குண்டு நீரில் கிடந்து பறவைகளை நஞ்சூட்டுவது தெளிவானபின் 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் அதுவும் தடைசெய்யப்பட்டது. நாளொன்றுக்கு இத்தனைதான் என்ற வரம்பும், வீழ்த்தியதைத் தேடி எடுக்க வேண்டும் என்ற நெறியும் அங்கே வேட்டைக்காரனின் மானமாகக் கருதப்படுகின்றன. வேறு வழியே நடந்தவர்களும் பழைய கேள்விகளுக்கே வந்து சேர்ந்திருக்கின்றனர்.

ஹலாலா என்று கேட்ட சிறுவன்

லின்லித்கோவின் வேட்டை நடந்த அதே நாளில், பம்பாய்க்காரர் ஒருவருக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்தது. 1896 நவம்பர் 12இல் பிறந்த சாலிம் அலி அவர்.

பெற்றோரை இளமையிலேயே இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். மாமன் வேட்டையில் தேர்ந்தவர், மருமகனுக்கும் காற்றுத்துப்பாக்கி கிடைத்தது. சுட்ட குருவிகளை முறைப்படி அறுத்துச் சமைப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கம். ஒருநாள் வீழ்ந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று தெரிந்தது. இது வழக்கமான குருவிதானா, முஸ்லிமான நான் இதை உண்ணலாமா என்ற ஐயம் சிறுவனுக்கு வந்தது. பறவையோடு மாமனிடம் போனான். மாமன் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே பாடம்செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த இழுப்பறைகள் அவனுக்காகத் திறக்கப்பட்டன. இந்தியப் பறவையியலின் தந்தை உருவான கதை இதுதான். தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரிலும் அந்தக் குருவி வீழ்ந்துகொண்டிருக்கிறது.

ஐயம் வந்தபோது கையை எடுத்துக்கொண்டு கேட்கப் போனான் அந்தச் சிறுவன். அதிய்யு (ரலி) கற்றுத்தந்த ஒழுக்கம் ஒரு பிள்ளையிடம் இயல்பாக வெளிப்பட்டது என்றே நாம் இதைக் காண்கிறோம்.

விடுதலைக்குப்பின் பரத்பூர்ச் சதுப்பை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, நேருவிடம் வாதாடி அதைக் காப்பாற்றியவர்களுள் முதன்மையானவர் சாலிம் அலி. 1956இல் அது சரணாலயமாயிற்று. ஆனாலும் மன்னர் குடும்பத்தின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது. 1985இல் அது உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இளமையில் வேட்டையாடியதையும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டதையும் அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. தேவைக்கு எடுப்பதற்கும் எண்ணிக்கைக்குக் கொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை உள்ளிருந்தே அறிந்தவர் அவர்.

வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை அறியும் பணியை அவர் தொடங்கியபோது, பறவைக்குச் சிறு காயமும் இன்றிப் பிடித்துத்தர ஆட்கள் தேவைப்பட்டனர். பீகாரின் மீர்ஷிகார் என்னும் முஸ்லிம் குலத்தார் அதற்குக் கைகொடுத்தனர். தலைமுறை தலைமுறையாக நீர்ப்பறவைகளை உயிரோடு பிடித்து விற்று வாழ்ந்தவர்கள். எந்தப் பறவை எந்த வேளையில் எங்கே இறங்கும், எந்த வலைக்கு எது அஞ்சும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சந்தைக்காகக் கற்ற அந்தக் கலையால் பரத்பூரிலும் நம் கோடியக்கரையிலும் பறவைகள் பிடிக்கப்பட்டு, வளையமிடப்பட்டு, மீண்டும் வானில் விடப்பட்டன.

நம் ஏரிக்கரைக்குத் திரும்பி

நம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில் ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூருக்கு அளித்து 1798இல் கவுல் எழுதித் தரப்பட்டது. பறவை எச்சம் கரைந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தனர். அறமும் தேவையும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இன்று நம் நாட்டில் வனப்பறவைகளை வலைவீசிப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அத்தோடு, முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது திரும்புவோம். இனம் ஹலாலானதுதானே, அறுத்தால் போதாதா?

அதிய்யு (ரலி) நின்றிருந்தால் என்னென்ன கேட்டிருப்பார்? இந்தப் பறவை எப்படிப் பிடிபட்டது? நஞ்சு தின்று மயங்கியதா? கழுத்து முறிந்தபின் கத்தி வைக்கப்பட்டதா? பெயர் கூறியவர் யார்? இதன் குஞ்சுகள் எங்கே? விற்பவரிடம் இவற்றுக்கு விடை இருக்காது. இருந்தாலும் நம்மால் அதைச் சோதித்தறிய முடியாது. நுணுக்கமான தீர்ப்புகளை ஆலிம்கள் சொல்லட்டும். ஆனால் ஒரு வேட்டைக்காரனுக்கே, தன் அம்பு தைத்த பறவை தண்ணீரில் கிடந்தால் விட்டுவிடு என்று சொல்லப்பட்டிருக்கும்போது, எங்கோ யாரோ பிடித்ததைப் பையில் வாங்கி வரும் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

வீட்டில் யாரேனும் அத்தகைய இறைச்சியைக் கொண்டுவந்தால், பெரியவர்கள் மென்மையாகத் தடுக்கலாம். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி என்றால் அதற்கு வைத்தியர் இருக்கிறார், சூட்டுக்கு நாட்டுக்கோழி இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகிலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லலாம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் போனால், கிளுவைக் கூட்டம் நீரைத் தொட்டு எழும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். அவை எங்கிருந்து வருகின்றன என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது வடக்கே உறைந்துகிடக்கும் நிலத்தைப் பற்றியும், தண்ணீரில் விழுந்த பறவையை விட்டுவிடச் சொன்ன நபியைப் பற்றியும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

ஐயமானதை விட்டு விலகும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக!